போலே தாஹான்

பளபளப்பான மோட்டார்சைக்கிளைக் கண்டால் அக்காவுக்கு ஆகாது. எங்கள் ஊர் காஜா பெராங்கில் எவனாவது புதுக் கறுப்புப் பூச்சும் பொன்னிறக் கோடுமாக வண்டியைக் கொண்டுவந்து அவள் வீட்டு முன்னால் நிறுத்திவிட்டுப் பெருமையாக நின்றால், தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "எதை மறைச்சு வச்சிருக்க?" என்று கேட்பாள். வந்தவன் முகம் தொங்கிப்போகும். பாவம் பார்க்கிற வழக்கமெல்லாம் அவளிடம் கிடையாது.

என் கூடப்பிறந்த அக்கா இல்லை. அடுத்த வீட்டுக்காரி, ஊருக்கே அக்கா. மோட்டார் சீட்டுக்கும் டாக்சிக்கும் குஷன் தைப்பதுதான் தொழில். இடுப்பில் சாரோங், மேலே புருஷனின் பழைய காக்கிச் சட்டை, பல்லுக்கிடையில் மெழுகு தடவிய நூல். அந்த நூலோடேயே பேசுவாள், திட்டுவாள், சிரிப்பாள். புருஷன் டாக்சி ஓட்டினார். அவர் ஒரு வாரத்தில் பேசுகிற பேச்சை அவள் ஒரு சீட்டு தைத்து முடிப்பதற்குள் பேசிவிடுவாள். இருவருக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

வெள்ளைக்காரர்கள் மலாய் நாட்டை விட்டு மூட்டை கட்டத் தொடங்கியிருந்த காலம் அது. தோட்டத்துத் துரைமார்களும் பட்டாளத்து ஆபீசர்களும் ஊருக்குப் போகுமுன் நாற்காலி, நாய், கிராமபோன் என்று எல்லாவற்றையும் விற்றார்கள். மோட்டார்சைக்கிள்களும் வந்தன. பட்டாள வண்டிகள் லேலோங்கில் ஏலம் போயின. சம்பளம் வாங்குகிற பையன்களுக்கெல்லாம் இங்கிலீஷ் மோட்டார் ஆசை பிடித்தது. வாங்குமுன் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், ஆனால் ஒரு பொம்பளையிடம் கேட்டது ஊருக்குத் தெரியக்கூடாது. அதனால் பின்சந்து வழியாக வந்து சமையல்கட்டு வாசலில் நின்று செருமுவார்கள்.

"முன்னால சுத்தி வா. மோட்டார் வாங்கப் போறியா, கள்ளச் சம்சு சாராயம் வாங்கப் போறியா?" என்று விரட்டுவாள். முன்வாசலில் வந்து, நாலு பேர் காதில் விழ, "அக்கா, ஒரு மோட்டார் பாக்கணும்" என்று சொன்ன பிறகுதான் மெஷினை விட்டு எழுந்திருப்பாள்.

அவளுக்கு மோட்டார் தெரிந்தது சீட்டு வழியாகத்தான். கிழிந்த சீட்டைக் கழற்றிக் கொண்டுவருகிறவர்கள் வண்டியின் கதையையும் சேர்த்துக் கொட்டிவிட்டுப் போவார்கள். அவளும் கேட்டுக்கொண்டே தோலைப் புரட்டிப் பார்ப்பாள். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எந்த ஸ்பிரிங் அமுங்கியிருக்கிறது, எண்ணெய்க் கறை முன்னாலா பின்னாலா என்று பார்த்தே வண்டிக்கு என்ன வியாதி என்று சொல்லிவிடுவாள். ஒருமுறை செமாபோக்கிலிருந்து ஒருவர் வாங்கவிருந்த வண்டியின் சீட்டு வலப்பக்கம் அமுங்கியிருந்தது. ஃபிரேம் வளைந்த வண்டி, தொடாதே என்றாள். அவர் விட்டுவிட்டார். பிறகுதான் தெரிந்தது, வண்டியில் ஒரு குறையும் இல்லை, பழைய சொந்தக்காரருக்கு ஒரு கால் குட்டை. செமாபோக்குக்காரர் வந்து குதி குதியென்று குதித்தார். அக்கா அசரவில்லை. "ஃபிரேம் வளைஞ்சிருக்குன்னுதான சொன்னேன்? அந்த ஆளோட ஃபிரேம்" என்று சொல்லிவிட்டு நூலைக் கடித்தாள். தப்பை ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

வண்டி பார்க்கப் போனால் முதலில் வாயைத் திறக்க மாட்டாள். நேரே போய் இஞ்சின்மேல் உள்ளங்கையை வைப்பாள். சூடாக இருந்தால் திரும்பி நடந்துவிடுவாள், அவ்வளவுதான். விற்கிறவன் பின்னாலேயே ஓடிவந்து ஆயிரம் சமாதானம் சொன்னாலும் காதில் வாங்க மாட்டாள். "நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடாக்கி வச்சிருக்கான். அப்போ பச்சைத் தண்ணியா இருக்கறப்ப அது ஸ்டார்ட் ஆகாது" என்பாள் வழியில். குளிர்ந்த இஞ்சின் என்றால் அடுத்து வண்டிக்குக் கீழே குனிவாள். ஸ்டாண்டுக்கு அடியில் புதுமணல் கொட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள். ஒழுகுகிற எண்ணெயை மறைக்க அதைத்தான் செய்வார்கள். இஞ்சினில் வெட்டிய நம்பரும் ஃபிரேமில் வெட்டிய நம்பரும் பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பாள். பிறகு நட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவுவாள். முனை மழுங்கியிருந்தால் அளவு சேராத அமெரிக்க ஸ்பேனர் போட்டு எவனோ முறுக்கியிருக்கிறான் என்று அர்த்தம். வெள்ளைக்காரன் நாட்டை விட்டே போனாலும் அவன் நட்டு அவன் ஸ்பேனருக்குத்தான் கழலும் என்று திட்டுவாள். கடைசியில்தான் உதைத்துப் பார்ப்பது.

இத்தனையும் தேறினால் அவள் கொடுக்கிற பட்டம் ஒன்றே ஒன்று. "போலே தாஹான்." மலாய் மொழியில் நாங்கள் எல்லோரும் சொல்வதுதான். தாங்கும், பரவாயில்லை, மோசமில்லை. நல்ல வண்டி, அருமையான வண்டி என்றெல்லாம் அவள் வாயில் வராது. சாம்பாருக்கும் அதுதான், மாப்பிள்ளைக்கும் அதுதான். பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திர நாளை அறிவித்த அன்று எங்கள் தெரு ஆண்களெல்லாம் கத்திக் கத்தித் தொண்டை கட்டி வீடு திரும்பினார்கள். அதில் ஒருவர், அக்கா நீங்க என்ன நினைக்கிறீங்க என்று கேட்க, "போலே தாஹான்" என்றாள். அவருக்கு வந்ததே கோபம். நாட்டு விடுதலைக்கு இவ்வளவுதானா மரியாதை என்று சண்டைக்கு வந்தார். அக்கா தன் புருஷனைக் காட்டி, "இந்த மனுசனுக்கே நான் இன்னும் அதைக் குடுக்கல" என்றாள். டாக்சிக்காரர் தலையை ஆட்டி ஆமாம் என்றார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்குக் கல்யாணமாகி நாங்கள் இருந்தது என் வீட்டுக்காரருடைய அண்ணன் வீட்டில். கூடத்தில் ஒரு துணியைக் கட்டி மறைத்து அதற்குப் பின்னால் எங்களுக்குப் பாய். அவர் அண்ணி அரிசி டின்னுக்குப் பூட்டுப் போட்டிருந்தாள். சமைக்கிறது நான், அளந்து போடுகிறது அவள். நான் ஒரு வாய் கூடச் சாப்பிட்டால் அன்று பூராவும் பாத்திரங்கள் டமார் டமாரென்று விழும். அந்தத் துணிக்குப் பின்னால் நான் அழுத அழுகையை அக்கா சுவர் வழியாகக் கேட்டிருக்க வேண்டும். அதைப் பற்றி அவள் ஒருநாளும் என்னிடம் பேசியதில்லை. காலையில் வேலிப்பக்கம் என்னைப் பார்த்தால், "பசியாறியாச்சா?" என்று மட்டும் கேட்பாள். ஆச்சு என்று பொய் சொல்வேன். ஏதாவது ஒரு பொட்டலம் வேலியைத் தாண்டி வரும்.

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர் வேலை பழகியவர். ஆயர் குரோ பக்கம் ரப்பர் பால் எடுக்கிற ஒரு கித்தா தோட்டத்தில் டிரெஸ்ஸர் வேலை காலியானது. சுற்றியுள்ள சின்னத் தோட்டங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அதனால் சொந்த மோட்டார் இருக்க வேண்டும் என்றார் துரை. மோட்டாரோடு குறித்த நாளில் மதியத்துக்குள் வந்து நிற்க வேண்டும், வராவிட்டால் காத்திருக்கிற இன்னொருவருக்கு வேலை. வேலையோடு ஒரு வீடு உண்டு. இரண்டு அறை, தனிச் சமையல்கட்டு, தனிக் கதவு. எனக்கு வேலை பெரிதில்லை, சம்பளம் பெரிதில்லை. அந்தக் கதவுதான் வேண்டும்.

எங்கள் வீட்டுக்காரருக்குப் பளபளப்பில் மயக்கம். முதலில் ஒரு துரையின் வண்டியைப் பார்த்துவிட்டு வந்து தூங்காமல் புலம்பினார். அக்காவைக் கூட்டிக்கொண்டு போனோம். அவள் இஞ்சின்மேல் கையை வைத்தாள், எடுத்தாள், நடந்துவிட்டாள். அவர் என்மேல் எரிந்து விழுந்தார். அடுத்த வாரம் அவளே எங்களைப் புக்கிட் பாருவுக்கு இழுத்துப் போனாள். லேலோங்கில் எடுத்த பட்டாள வண்டி ஒன்றை ஒருவர் கோழிக்கூட்டுக்குள் போட்டு வைத்திருந்தார். முந்நூற்றைம்பது சிசி, ஒற்றைச் சிலிண்டர். சீட்டில் ஒரு கோழி அடை உட்கார்ந்திருந்தது. பெட்ரோல் டாங்கியில் பட்டாளப் பச்சையும் வெள்ளையில் அடித்த பட்டாள நம்பரும் அப்படியே இருந்தன. அக்கா கோழியை நகர்த்தாமலே சுற்றிச் சுற்றி வந்தாள். குந்தி உட்கார்ந்தாள், தடவினாள், மோந்தாள். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "போலே தாஹான்" என்றாள். எங்கள் வீட்டுக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அதை ஓடவைத்தது அவளும் நானும்தான். அவர் வேலைக்குப் போய்விடுவார். சமையல் முடித்து நான் வேலி தாண்டிவிடுவேன். முதலில் பிரேக், பிறகு டயர், பிறகு வயர், அப்புறம்தான் இஞ்சின் என்பது அவள் வரிசை. நிற்கத் தெரியாத வண்டியை ஏன் ஓடவைக்க வேண்டும் என்பாள். கழற்றிய சாமானையெல்லாம் நான் மண்ணெண்ணெயில் கழுவி, கழற்றிய முறைப்படியே பழைய சாரோங்கில் பரப்பி வைப்பேன். வால்வைப் பசை தடவிக் குச்சியில் பிடித்து, மோர் கடைவதைப்போல் உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டித் தேய்க்க வேண்டும். அது எனக்கு நன்றாக வந்தது. கேஸ்கட்டுக்கு பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டினோம். பொறி தருகிற மேக்னெட்டோ மட்டும் எங்கள் கைக்கு அடங்கவில்லை, அதை டாக்சிக்காரர் பட்டறையில் கொடுத்துக் கம்பி சுற்றி வாங்கி வந்தார். ஒருநாள் மத்தியானம் நான்தான் உதைத்தேன். சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு உதைத்தேன். பட்டென்று பிடித்துக்கொண்டு அது கத்திய கத்தலில் அண்ணி வாசலுக்கு ஓடிவந்து பார்த்தாள். அந்தச் சந்தோஷத்தை நான் யாரிடம் சொல்ல!

பெயிண்ட் மட்டும் அடிக்கக்கூடாது என்றுவிட்டாள். ஒரு வருஷம் ஓடட்டும், எங்கே ஒழுகுகிறது, எங்கே வெடிக்கிறது என்று வெளியே தெரியட்டும், அதற்குப் பிறகு அடித்துக்கொள் என்றாள். எங்கள் வீட்டுக்காரர் சரி சரியென்று தலையாட்டிவிட்டு, ஒரு டின் கறுப்புப் பெயிண்டும் பிரஷும் வாங்கி என் சட்டிப்பானைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தார்.

குறித்த நாள் காலையில் கிளம்பினோம். அக்கா தேர்ந்து கொடுத்த வண்டியின் முதல் பயணத்தில் பின்னால் அவள்தான் உட்கார்வாள், அது அவள் சட்டம். அதனால் மோட்டாரில் அவரும் அக்காவும். பின்னால் டாக்சியில் நானும் சட்டிப்பானையும் பாயும். அண்ணி கதவுவரை கூட வரவில்லை. நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

காட்டுக் கம்யூனிஸ்டுகளை அடக்கப் போட்ட அவசரகாலம் முழுதாக முடியாத நாட்கள். ஆயர் குரோ போகிற சாலையில் ஒரு போலீஸ் தடுப்பு. மாத்தா என்று நாங்கள் சொல்கிற மலாய்ப் போலீஸ்காரர் ஒருவரும், புதிதாக வந்த இளம் வெள்ளைக்கார ஆபீசர் ஒருவரும் நின்றார்கள். டாங்கியில் பட்டாள நம்பரைப் பார்த்ததும் ஆபீசர் கையைக் காட்டினார். டாக்சியும் நின்றது. ஆபீசர் புத்தகத்தில் படித்த மலாயை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து, "மோட்டார் இனி மாச்சாம் மானா?" என்று கேட்டார். இந்த மோட்டார் என்ன மாதிரி, என்ன சங்கதி என்பது அவர் கேள்வி. ஆனால் அக்காவிடம் எத்தனை வருஷமாக எத்தனை பேர் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்! இப்போது ஒரு வெள்ளைக்காரரே கேட்கிறார். நிமிர்ந்து உட்கார்ந்து, மனசார, "போலே தாஹான், துவான்" என்றாள்.

மலாயில் தாஹான் என்றால் தாங்குவதும்தான், பிடித்து வைப்பதும்தான். எங்கள் காதுக்கு முதலாவது. ஆபீசர் படித்த புத்தகத்தில் இரண்டாவது மட்டும் இருந்திருக்க வேண்டும். பிடித்து வைத்துக்கொள்ளலாம் ஐயா என்று இந்த அம்மாளே சொல்கிறாள் என்று நினைத்தார். கொஞ்சம் ஆச்சரியப்பட்டார். "தெரிமா காசே" என்று நன்றி சொன்னார். வண்டியைத் தள்ளிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகும்படி மாத்தாவிடம் சொன்னார். மாத்தாவுக்கு எல்லாம் புரிந்தது. சிரிப்பை அடக்க முகத்தை மரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார். மேலதிகாரியை யார் திருத்துவது?

ஸ்டேஷன் கிட்டத்தில்தான். முற்றத்து வெயிலில் வண்டியை நிறுத்தினார்கள். எங்கள் வீட்டுக்காரர் கெரானை, வண்டியின் பதிவுப் பத்திரத்தை, எடுத்து நீட்டி, கையைக் கட்டி நின்று, கெஞ்சிப் பார்த்தார். அக்கா நேரே போய் வண்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இறங்கச் சொன்னார்கள். இறங்கவில்லை. கடைசியில் அந்த மாத்தா மெதுவாக ஆபீசர் காதருகே போய் அந்த வார்த்தையின் அர்த்தத்தைச் சொன்னார். ஆபீசருக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. சிரித்துவிட்டுப் போங்கள் என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. ஆனால் மாத்தாக்கள் பார்க்கிறார்களே! பட்டாள நம்பர் தெரிகிற வண்டி சாலையில் ஓடக்கூடாது, அதனால்தான் பிடித்தேன் என்று புதுக் காரணம் பிடித்துக்கொண்டார். பிறகு கொஞ்சம் இறங்கிவந்து, அந்த நம்பர்மேல் பெயிண்ட் அடித்துவிட்டு இப்போதே கொண்டுபோங்கள் என்றார்.

எங்கள் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஓடிப்போய் என் பானைகளை உருட்டித் தள்ளிவிட்டு டின்னையும் பிரஷையும் தூக்கிக்கொண்டு வந்தார். எனக்கும் உயிர் வந்தது. வெயில் இன்னும் உச்சிக்கு ஏறவில்லை. அக்கா டின்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், இரண்டு கையையும் டாங்கிமேல் விரித்து வைத்துக்கொண்டாள்.

"மறைச்சா இது திருட்டு மோட்டாரு தம்பி. நாளைக்கு இன்னொரு மாத்தா சொரண்டிப் பார்ப்பான். நம்பர் தெரியற வரைக்கும் இது நீ வாங்குன மோட்டாரு."

ஆபீசரிடம் மலாயில் சொன்னாள். உள்ளே டெலிபோன் இருக்கிறது, பட்டாள முகாமுக்குப் போடுங்கள், இந்த நம்பர் லேலோங்கில் போனதா இல்லையா என்று கேளுங்கள், அவர்கள் சொல்கிற வரைக்கும் நான் இங்கேயேதான்.

நான் டாக்சியை விட்டு இறங்கிப் போனேன். அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, எறங்குங்க. எனக்கு அந்த வீடு வேணும்க்கா."

"தெரியும்லா" என்றாள். இறங்கவில்லை.

டெலிபோன் போட்டார்கள். முகாமில் பதில் சொல்ல வேண்டிய குமாஸ்தா கிராணி சாப்பிடப் போயிருந்தார். சாப்பிட்டு வந்தார். பேரேடு தேட வேண்டும் என்றார். தேடினார். வெயில் உச்சிக்கு ஏறி மறுபக்கம் சாயத் தொடங்கியது. அக்காவின் காக்கிச் சட்டை முதுகில் ஒட்டிப்போயிருந்தது, கைகள் சூடான டாங்கிமேலேயே இருந்தன. அந்த மாத்தா ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், வாங்கிக் குடித்தாள். கடைசியில் ஆபீசர் வெளியே வந்து, முறைப்படி விற்ற வண்டிதான் என்று யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார். பச்சை பச்சையாக, நம்பர் நம்பராக, வண்டி வெளியே வந்தது.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது துரை பங்களாவுக்குப் போய்விட்டார். ஆபீஸ் வாசலில் பளபளவென்று ஒரு மோட்டார் நின்றது. காத்திருந்த அந்த இன்னொருவர் மதியமே கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று கிராணி சொன்னார். கொஞ்ச தூரத்தில் அந்த வீடு தெரிந்தது. நீலக் கதவு. யாரோ ஒரு பெண் அதைத் திறந்து உள்ளே பெட்டி தூக்கிக்கொண்டு போனாள்.

திரும்புகிற வழியில் எங்கள் வீட்டுக்காரர் அக்காவைப் பின்னால் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார். டாக்சியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு வாய் இருக்கிறதே, சும்மா இருக்குமா? திட்டினேன். என் தாயைக்கூட அப்படித் திட்டியதில்லை. உங்கள் வீம்புக்கு என் வாழ்க்கைதான் கிடைத்ததா, ஒரு பிரஷ் பெயிண்டில் போகிற மானம் என்ன மானம், திரும்பவும் அந்தத் துணிக்குப் பின்னால் போய் நான் சாகவா என்று கேட்டேன். இன்றைக்கும் அந்தக் கேள்வி தப்பில்லை என்றுதான் சொல்வேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். சிவந்து கொப்பளித்திருந்த உள்ளங்கைகளை மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

காஜா பெராங்கில் டாக்சி அண்ணன் வீட்டு வாசலில் நிற்கவில்லை. அக்கா வீட்டு முன்னால் நின்றது. டாக்சிக்காரர் இறங்கி, என் பாயையும் பானைகளையும் எடுத்துக்கொண்டு நேரே உள்ளே போனார். எங்கே கொண்டுபோகிறார் என்று பின்னாலேயே ஓடினேன். குஷன் அறை காலியாக இருந்தது. தென்னை நார் மூட்டைகள், தோல் சுருள்கள், பழைய ஸ்பிரிங்குகள் எதையும் காணோம். தரை கழுவி விட்டிருந்தது. கதவுக்கு உள்பக்கம் ஒரு புதுத் தாழ்ப்பாள்.

"காலையில கெளம்பறதுக்கு முன்னாடியே காலி பண்ணிட்டா" என்றார் டாக்சிக்காரர். அன்று முழுவதும் அவர் பேசியது அது ஒன்றுதான்.

நான் திரும்பினேன். அக்கா வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"அப்போ வேலை கெடைக்காதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? கெடைச்சாலும் கெடைக்காட்டியும் அந்த வீட்டுக்கு நீ திரும்பப் போகக்கூடாது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். நான் அந்த அறைக்குள் நின்று தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தேன், திறந்து பார்த்தேன், மறுபடி போட்டேன். வெளியே எங்கள் வீட்டுக்காரர் வந்து என் பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டினார். இருங்க, வரேன் என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் திறக்காமலே நின்றேன்.